பிரீமியம் கட்டிய காலமும் ஸ்டைபெண்ட் வாங்கும் காலமும்

2024ஆம் வருஷ கோடையில் என் பேத்தி குருகிராமில் ஒரு பெரிய ஆடிட் நிறுவனத்தில் எட்டு வாரம் இன்டர்ன்ஷிப் முடித்துவிட்டு நாக்பூர் வந்து சேர்ந்தாள். அப்போது பி.காம். இரண்டாம் வருஷம் முடித்திருந்தாள். "என்னடி கத்துண்டே?" என்று கேட்டேன்.

"பெரிசா ஒண்ணும் இல்லை தாத்தா. பில்லை எடுத்து கணக்கோட ஒத்துப் பார்த்து டிக் அடிச்சேன். பாங்குக்கும் கம்பெனிக்குப் பணம் பாக்கி வெச்சிருக்கறவாளுக்கும் லெட்டர் அனுப்பினேன். ஒரு நாள் மானேசர்ல ஒரு கோடவுனுக்குப் போய் நாள் பூரா பெட்டி எண்ணினேன். இதுக்கா காலேஜ் படிப்பு?" என்றாள்.

நான் ரசாயனம் படித்தவன். டெபிட் எது, கிரெடிட் எது என்று இன்றும் ஒரு நிமிஷம் யோசித்துத்தான் சொல்வேன். ஆனாலும் அவள் பேசியதைக் கேட்டதும் என் தகப்பனாரின் டிரங்குப் பெட்டியிலிருந்த ஒரு கடிதம் ஞாபகம் வந்தது. 1937இல் மதராஸ் ஆடிட்டர் ஒருவர் எழுதியது. அப்பாவை ஆர்ட்டிகிள்ட் கிளார்க்காகச் சேர்த்துக்கொள்ளத் தமக்குச் சம்மதம் என்றும், பிரீமியம் 1,000 ரூபாய் என்றும், பயிற்சிக் காலம் முழுவதும் சம்பளம் ஏதும் கிடையாது என்றும் அதில் கண்டிருந்தது. என் பாட்டனார் புரோகிதர். ஆயிரம் ரூபாய்க்கு எங்கே போவார்? அப்பா ரயிலேறி நாக்பூர் வந்து, பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். நாங்கள் நாக்பூர்வாசிகள் ஆனது இப்படித்தான்.

வேலை கற்றுக்கொள்ளப் போகிறவன் எதற்காகப் பணம் கட்ட வேண்டும் என்று இந்தத் தலைமுறை கேட்கும். அது இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கம். தச்சன், தட்டான் முதலிய தொழில்களில் பையனை ஒரு குருவிடம் ஒப்படைத்து உடன்படிக்கை எழுதுவார்கள். ஒரே தாளில் இரண்டு பிரதி எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி ஆளுக்கொன்று வைத்துக்கொள்வார்கள். பிற்காலத்தில் சந்தேகம் வந்தால் இரண்டு பல்வரிசையும் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். 'இண்டென்ச்சர்' என்ற பெயரே பல் என்பதிலிருந்து வந்ததுதான். வக்கீல்களும் கணக்கர்களும் இதே முறையைக் கைக்கொண்டார்கள். 1854இல் எடின்பரோ கணக்கர்களுக்கும், 1880இல் இங்கிலாந்து-வேல்ஸ் கணக்கர்களுக்கும் அரச பட்டயம் கிடைத்தபின், ஐந்து வருஷம் (பட்டதாரியானால் மூன்று வருஷம்) ஆர்ட்டிகிள்ஸ் என்பது சட்டம்போல் ஆயிற்று. தகப்பனார் 100 கினி, 200 கினி என்று பிரீமியம் கட்டுவது அங்கே சர்வ சாதாரணம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் உள்ளே வர முடியும். அதுவே நோக்கம் என்றுகூடச் சொல்லலாம்.

இந்தியாவில் 1913ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம்தான் ஆடிட்டருக்கு இன்ன தகுதி வேண்டும் என்று முதலில் வரையறுத்தது. மாகாண சர்க்கார்கள் சர்டிபிகேட் கொடுக்கும். ஆனால் இங்கிலாந்துப் பட்டயம் பெற்றவர்களுக்கு இந்த சர்டிபிகேட் தேவையில்லை! பெரிய கம்பெனிகளின் ஆடிட்டெல்லாம் கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த வெள்ளைக்கார நிறுவனங்களிடமே போயிற்று. மதராஸில் ஃபிரேசர் அண்ட் ராஸ்.

இங்கே நமது அங்கத்தினர்கள் அறிய வேண்டிய ஒரு பெயர் பேராசிரியர் கே.எஸ். ஐயர். பம்பாயில் 1897இலேயே சொந்தமாகக் கணக்குத் தணிக்கை நிறுவனம் தொடங்கியவர். 1913இல் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரி ஏற்பட்டபோது கௌரவ முதல்வராக இருந்து அதைத் தொடங்கிவைத்தவர். 1918இல் அதே பம்பாயில் ஜி.டி.ஏ. என்ற அரசாங்கக் கணக்கியல் டிப்ளமா வந்தது. பரீட்சையில் தேறி, அங்கீகாரம் பெற்ற கணக்கர் ஒருவரிடம் மூன்று வருஷம் ஆர்ட்டிகிள்ஸ் முடித்தால் இந்தியா முழுவதும் ஆடிட் செய்யலாம். 1932இல் இந்தியக் கணக்கியல் வாரியம் அமைந்து, 'ரிஜிஸ்டர்டு அக்கவுண்டண்ட்' என்ற பெயர் நிலைத்தது. பையன்கள் கப்பலேற வேண்டிய அவசியம் போயிற்று. பிரீமியம் மட்டும் போகவில்லை.

பணம் ஒன்றே தடை என்று நினைத்துவிடக் கூடாது. ஆர். சிவபோகம் அம்மையார் கதையைப் பாருங்கள். மதராஸ் குயின் மேரீஸ் கல்லூரி மாணவி. அந்நியத் துணி பகிஷ்காரத்தில் கலந்துகொண்டு ஒரு வருஷம் வேலூர் சிறையில் இருந்தார். 1933இல் ஜி.டி.ஏ. தேறினார். இந்த நாட்டில் அந்தத் தகுதி பெற்ற முதல் பெண்மணி அவர்தான். ஆனால் சிறை சென்றவர்கள் கணக்கராகப் பதிவு செய்துகொள்ள முடியாது என்று விதி குறுக்கே நின்றது. அவர் விடவில்லை. போராடி அனுமதி பெற்று, 1937இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். என் தகப்பனாருக்கு அந்தக் கடிதம் வந்த அதே வருஷம்! பிற்காலத்தில், சி.ஏ. இறுதித் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறும் சிறந்த மாணவிக்கு என்று ஒரு பரிசும் ஏற்படுத்தினார்.

சுதந்திரத்துக்குப் பின் சார்ட்டர்டு அக்கவுண்டண்ட்ஸ் சட்டம் 1949 ஜூலை 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. ராஜா கொடுத்த பட்டயம் எதுவும் இல்லை, பார்லிமெண்ட் சட்டத்தாலேயே நம்மவர்கள் 'சார்ட்டர்டு' ஆனார்கள். ஜி.பி. கபாடியா முதல் தலைவர். பிரீமியம் விஷயம் உடனே தீர்ந்துவிடவில்லை என்றாலும் பிற்பாடு தீர்ந்தது. 1988ஆம் வருஷ விதிகள் பிரீமியம், கடன், டெபாசிட் எதையும் ஆடிட்டர் வாங்கக் கூடாது என்கின்றன. ஊரின் ஜனத்தொகையையும் பயிற்சியின் வருஷத்தையும் பொறுத்து மாதாமாதம் குறைந்தபட்சம் இவ்வளவு ஸ்டைபெண்ட் கொடுக்க வேண்டும் என்று அடுத்த விதியே சொல்கிறது. தொகை நெடுங்காலம் பஸ் செலவுக்குக்கூடக் காணாது என்பது வேறு விஷயம். பணம் போகும் திசை மாறியதே! 'கிளார்க்' என்பதும் 'அசிஸ்டண்ட்' என்று மாறிற்று. 2023 ஜூலை முதல் மூன்று வருஷப் பயிற்சி இரண்டு வருஷமாகவும் குறைந்துவிட்டது. என் பேத்தி போய்வந்த எட்டு வாரம் இந்தக் கணக்கில் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது வாசற்படியில் நின்று எட்டிப் பார்ப்பது மாதிரி.

டிக் அடிக்கும் வேலைக்கு வருகிறேன். 1896இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் பருத்தி மில் வழக்கில், ஆடிட்டர் காவல் நாய்தானே தவிர மோப்ப நாய் அல்ல என்று தீர்ப்பாயிற்று. சரக்கு இருப்பு இவ்வளவு என்று மானேஜர் எழுதிக் கொடுத்தால் ஆடிட்டர் நம்பலாம் என்றார்கள். 1938இல் அமெரிக்காவில் மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்துக் கம்பெனியில் இதன் பலன் தெரிந்தது. ஐந்தொகையில் காட்டிய சுமார் 8.7 கோடி டாலர் சொத்தில் 1.9 கோடி வெறும் காகிதம். இல்லாத கிடங்கில் இல்லாத சரக்கு, இல்லாத வாடிக்கையாளரிடம் வராத பாக்கி. யாரும் நேரில் போய் எண்ணவில்லை. மறு வருஷமே, சரக்கை எண்ணும்போது ஆடிட்டர் கூட இருக்க வேண்டும், பாக்கிதாரர்களுக்கு நேராகக் கடிதம் எழுத வேண்டும் என்று அங்கே ஏற்பாடு வந்தது. என் பேத்தி மானேசர் கோடவுனில் பெட்டி எண்ணியதற்கு மூலம் இதுதான்.

நமது சத்யம் விவகாரம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2009 ஜனவரி 7ஆம் தேதி சேர்மனே கடிதம் எழுதினார். இருப்பதாகக் காட்டிய ரொக்கத்திலும் பாங்கு இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. 2011இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பிறப்பித்த உத்தரவைப் படித்தேன். பாங்குகளுக்கு நேராக அனுப்ப வேண்டிய இருப்புச் சரிபார்ப்புக் கடிதங்களை ஆடிட் ஊழியர்கள் கம்பெனியாரிடமே கொடுத்து அனுப்பச் சொன்னார்களாம்! "உன் சீனியர் அந்த லெட்டரை யார் மூலமா அனுப்பச் சொன்னார்?" என்று பேத்தியிடம் கேட்டேன். "நாங்களே நேரா அனுப்பணும், பதிலும் எங்களுக்கே நேரா வரணும்னு தினம் பத்து தடவை சொல்வார் தாத்தா. ரொம்பப் படுத்தல்" என்றாள்.

படுத்தல்தான். நானும் பட்டிருக்கிறேன். 1983இல் ஒரு மத்திய அரசு ஆய்வகத்தில் ஸ்டோர் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஏ.ஜி. ஆபீசிலிருந்து வந்த ஆடிட் கோஷ்டியில் மீசை முளைக்காத ஒரு பையன். ரிஜிஸ்டரில் பிளாட்டினம் குருசிபிள் ஆறு, பெட்டியிலும் ஆறு. "சரிதானே?" என்று மூடப் போனேன். "தராசில் வைத்துக் காட்டுங்கள் சார்" என்றான். எனக்கு வந்த கோபம்! வைத்தேன். ஒன்றில் நாலு கிராம் குறைவு. பிளாட்டினம் உபயோகத்தில் தேய்வது உண்டு, ஆனால் நாலு கிராம் தேயாது. கடைசிவரை அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. விளக்கம் எழுதியே எனக்கு ஒரு வருஷம் போயிற்று. ஆறு வருஷமாக நான் எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு நாளும் எடை போட்டுப் பார்த்ததில்லை.

இதைச் சொன்னபோது பேத்தி சிரித்தாள். பிறகு 1937ஆம் வருஷக் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டாள். இப்போது சி.ஏ. இன்டர்மீடியட் இரண்டு குரூப்பும் தேறிவிட்டாள். அதே குருகிராம் நிறுவனத்திலும் இடம் கிடைக்கும்போல் இருக்கிறது, நாக்பூரில் நாலு பேர் வேலை செய்யும் ஒரு ஆடிட்டரும் கூப்பிட்டிருக்கிறார். எங்கே சேர்வது என்று வீட்டில் தினமும் வாதம் நடக்கிறது.