இலங்கையின் கிராமிய நீர்மின் திட்டங்கள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஓடை நீரின் விசையைப் பயன்படுத்தத் தொடங்கின. அந்த விசை தொழிற்சாலை இயந்திரங்களுக்கானது. தொழிலாளர் வசித்த லயன் எனப்படும் வரிசைவீட்டு அறைகளுக்கு வெளிச்சம் வர வெகுகாலம் ஆனது. பிறகு தேசிய மின்கட்டமைப்பு தோட்டங்களை எட்டியபோது நூற்றுக்கணக்கான டர்பைன்கள் கவனிப்பாரற்றுத் துருப்பிடித்தன. ஓடைகள் வற்றிவிடவில்லை, அந்த இயந்திரங்களைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள்தான் அருகிப்போனார்கள். மின்வசதியின் வரலாற்றை இயந்திரங்களை எண்ணி எழுதுவது போதாது என்பதற்கு இதுவே முதல் சான்று.

பொருளியலாளர் ஷூமாக்கர் நிறுவிய இடைநிலைத் தொழில்நுட்ப அமைப்பு முதலில் பழைய தோட்ட டர்பைன்களைச் சீர்செய்தது. 1990களில் மின்கம்பி எட்டாத கிராமங்களுக்குச் சென்றது. ஊரார் வாய்க்கால் வெட்டினர், உள்ளூர்ப் பட்டறைகள் டர்பைன் வார்த்தன, மின்நுகர்வோர் சங்கம் மாதக் கட்டணம் வசூலித்தது. இரவில் வீடுகள் விளக்கணைத்தாலும் நீர் ஒரே வேகத்தில்தான் பாயும். அப்போது மிஞ்சும் மின்சாரத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு சூடேற்றிக்குத் திருப்பிவிடும். அந்தச் சூடேற்றி எரிந்துபோனால் மின்னழுத்தம் எகிறி ஊரின் மின்குமிழ்கள் வெடிக்கும். பெட்டியைத் திறந்து கோளாறு எங்கே என்று காட்ட அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். அத்தகையோரைப் பட்டறை, சங்கம், பொறியாளர் என்ற இணைப்பே ஊர்தோறும் உருவாக்கியது.

இந்தத் திட்டங்களின் பரவலைப் பணம்தான் தீர்மானித்தது என்போர் உண்டு. உலக வங்கியின் உதவியோடு 1997இல் தொடங்கிய கடன் திட்டமும் 2002இல் அதைத் தொடர்ந்து வந்த திட்டமும் இல்லாமல் 200க்கும் மேற்பட்ட கிராமங்களுக்குக் கிராமிய நீர்மின்சாரம் பரவியிருக்காது என்பது உண்மை. ஆனால் திட்டம் வரையவும் தரம் பார்க்கவும் ஆட்கள் முன்பே தயாராக இருந்ததால்தான் அந்தக் கடனுக்குப் பயன் கிடைத்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: 2010களில் மின்கட்டமைப்பு ஏறக்குறைய எல்லா ஊர்களுக்கும் வந்தது, பல திட்டங்கள் மூடப்பட்டன, அப்படியானால் இவ்வளவு உழைப்பும் வீண்தானே? மின்கம்பி வரும்வரை அந்த வீடுகளில் பிள்ளைகள் மின்விளக்கில் படித்ததை வீண் என்று தள்ள முடியாது. மூடப்படுவதைத் தடுக்கும் வழியையும் பட்டறை, சங்கம், பொறியாளர் என்ற அதே இணைப்புதான் தேடியது. தனித்தியங்கப் பழகிய இயந்திரத்தைக் கட்டமைப்போடு பாதுகாப்பாக இணைப்பது, விற்கும் மின்சாரத்துக்கு நியாய விலை பெறுவது ஆகிய இரண்டையும் தனியொரு சங்கம் பேசித் தீர்க்க இயலாது. சங்கங்களின் கூட்டமைப்பு உருவான பின்னரே அவற்றை அதிகாரிகளிடம் ஒரே குரலில் கேட்க முடிந்தது. 2013இல் அமைந்த தெற்கு, தென்கிழக்காசிய நீர்மின் வலையமைப்பு இந்த அனுபவத்தை இந்தோனேசியா, மியான்மர் கிராமங்களில் இதே வேலையைச் செய்வோரிடம் கொண்டுசேர்த்தது. மின்கம்பி வரவிருக்கும் ஊர்களில் இந்தக் கேள்விகள் இப்போது முன்கூட்டியே எழுப்பப்படுகின்றன.