ஒரே கணினியில் பல டார் ரிலேக்கள்
1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவான ‘வெங்காய வழிச்செலுத்தல்’, அதாவது செய்தியைப் பல அடுக்கு மறையாக்கத்தில் பொதிந்து, இடையிலுள்ள ஒவ்வொரு கணினியும் ஓர் அடுக்கை மட்டுமே உரிக்கும்படி அமைத்த முறை, ரோஜர் டிங்கிள்டைன், நிக் மாத்யூசன் ஆகியோரின் உழைப்பால் 2002இல் டார் என்னும் பொது வலையமைப்பாயிற்று. தன்னார்வலர்கள் நடத்தும் இந்த இடைக்கணினிகளான ரிலேக்களில் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குபவை. டார் மென்பொருள் தன் வேலையில் பெரும்பங்கைச் செயலியின் ஒரே கருவில் செய்யும்படி எழுதப்பட்டிருந்ததால், பல கருக்கள் கொண்ட செயலிகள் பரவியபோது அவற்றின் ஆற்றல் வீணாக, ஒரே கணினியில் பல டார்களைத் தனித்தனியே ஓட்டும் வழக்கம் பிறந்தது.

தொடக்கத்தில் இது அலுப்பூட்டும் கைவேலையாகவே இருந்தது: ஒவ்வொன்றுக்கும் தனி ‘டார்ஆர்சி’ அமைப்புக்கோப்பும் தனித் தரவுக் கோப்புறையும் தனிப் போர்ட் எண்ணும் வேண்டும், இரண்டு ரிலேக்களுக்கு ஒரே போர்ட்டைக் கொடுத்துவிட்டால் பிந்தியது எழவே எழாது. டெபியன் லினக்ஸில் பின்னர் வந்த ‘டார்-இன்ஸ்டன்ஸ்-கிரியேட்’ என்னும் கட்டளை, தனிப் பயனர் கணக்கையும் அமைப்புக்கோப்பையும் தானே உண்டாக்கி, இத்தொல்லையைப் பெரிதும் குறைத்தது.

ஒருவரே எண்ணற்ற ரிலேக்களைப் புகுத்தி வலையமைப்பைக் கண்காணிக்கக்கூடும் என்னும் அச்சம் நியாயமானதே. அதனால் ரிலேக்களின் பட்டியலைப் பராமரிக்கும் அடைவுச் சேவையகங்கள் ஓர் ஐபி முகவரிக்கு இரண்டு ரிலேக்களையே நெடுங்காலம் ஏற்றன. பிற்காலத்தில் இவ்வரம்பு தளர்ந்தபோதும், தம் ரிலேக்கள் அனைத்தையும் ஒரே ‘குடும்பம்’ என நடத்துநர் அறிவிக்க வேண்டும் என்னும் விதி, ஒரு பயனரின் ஒரே வழித்தடத்தில் அவற்றுள் இரண்டு இடம்பெறாமல் தடுப்பதற்காகத் தொடர்ந்தது.