டிவோலி: கோட்டை மதிலோரம் ஒரு களியாட்டப் பூங்கா

குடும்பத்தோடு சென்று களிக்கும் பூங்கா என்றதும் நம்மவர் பலருக்கு டிஸ்னியின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். வோல்ட் டிஸ்னி கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்தைத் திறந்தது 1955 இல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1951 இல், அவர் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனுக்குச் சென்று டிவோலிப் பூங்காவைப் பார்த்திருந்தார். அப்பொழுதே அப்பூங்கா நூறாண்டைக் கடந்திருந்தது.

டிவோலி திறக்கப்பட்டது 1843 ஓகஸ்ட் 15 ஆந் திகதி. அமைத்தவர் ஜோர்ஜ் கார்ஸ்டென்சன். அல்ஜியர்ஸில் பிறந்தவர், சஞ்சிகைகள் வெளியிட்டவர். எமது தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் அவர்மீது எனக்குத் தனிப் பரிவு உண்டு. மக்கள் களிப்பில் மூழ்கியிருந்தால் அரசியலை மறந்திருப்பர் என்று கூறியே மன்னர் எட்டாம் கிறிஸ்ரியானிடம் அவர் அனுமதி பெற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அதுதான் கணக்கென்றால் கணக்குப் பிழைத்துவிட்டது. 1849 இல் டென்மார்க் அரசியலமைப்பொன்றைப் பெற்றது. மன்னரின் வரம்பற்ற அதிகாரம் முடிவுற்றது. டிவோலி மட்டும் நிலைத்தது.

பூங்காவுக்குக் கிடைத்த நிலம் நகரின் மேற்கு வாயிலுக்கு வெளியே, கோட்டை அரண்களை ஒட்டியது. போர் மூண்டால் விரைவில் அகற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதால் கட்டடங்கள் மரத்தால் ஆனவை. பின்னர் மதில்கள் இடிக்கப்பட்டன. நகரம் பூங்காவைச் சூழ்ந்து வளர்ந்தது. பூங்காவினுள்ளே காணப்படும் ஏரி, பழைய அகழியின் எச்சம். திறந்த ஆண்டின் ஒக்டோபரில் அங்கு சென்றுவந்த ஹான்ஸ் கிறிஸ்ரியன் அன்டர்சன், சீனப் பேரரசரையும் நைட்டிங்கேல் பறவையையும் பற்றிய தமது கதையை அப்பொழுதே எழுதத் தொடங்கினார்.

புதுமையே இத்தகைய இடங்களின் உயிர் என்பர். நான் அவ்வாறு எண்ணவில்லை. டிவோலியில் 1874 இல் கட்டப்பட்ட ஊமக்கூத்து அரங்கின் திரை இன்றும் மயிற்தோகையாகவே விரிகிறது. 1914 இல் அமைக்கப்பட்ட மர ரோலர் கோஸ்டரில், வண்டித்தொடர் ஒவ்வொன்றிலும் ஒருவர் அமர்ந்து தம் கையாலேயே தடையை இயக்குகிறார். பாட்டனார் ஏறிய வண்டியில் பேரனும் ஏறுகிறான். இன்று எந்த நிறுவனமும் பணம் கொடுத்து வாங்கமுடியாத கவர்ச்சி இதுவே.

இதன் பெறுமதியைப் பகைவரும் உணர்ந்திருந்தனர். ஜேர்மனியப் படை டென்மார்க்கைப் பிடித்திருந்த காலம். 1944 ஜூன் 22 இல் எதிர்ப்பியக்கத்தினர் கொப்பன்ஹேகனில் ஆயுதத் தொழிற்சாலை ஒன்றைத் தகர்த்தனர். மூன்று நாட்களின் பின் பதிலடி விழுந்தது. விழுந்த இடம் இராணுவ நிலை அன்று; டிவோலி! நாசிகளுக்குத் துணைபோன, ஷால்பேர்க் படை எனப்பட்ட டேனியர்களே குண்டு வைத்தனர். இசை மண்டபமும் கண்ணாடி மண்டபமும் அழிந்தன. மக்கள் எதை நேசிக்கின்றனரோ அதை அழித்தால் அவர்கள் பணிவர் என்பது உலகெங்கும் இத்தகையோரின் கணிப்பு. நாமும் அதனை அறிவோம். கொப்பன்ஹேகன் மக்களோ பணியவில்லை. ஊரடங்குச் சட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் வெளியேறினர். அம்மாத இறுதியில் நகரமே பொது வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

சில வாரங்களில் டிவோலி தற்காலிகக் கொட்டகைகளுடன் மீண்டும் திறந்தது. கண்ணாடி மண்டபம் 1946 இலும், புதிய இசை மண்டபம் 1956 இலும் எழுந்தன.

கார்ஸ்டென்சன் இவற்றுள் எதையும் காணவில்லை. 1848 இல் போருக்குச் சென்றதோடு டிவோலி அவர் கையைவிட்டுப் போயிற்று. நியூயோர்க் சென்று 1853 ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கான பளிங்கு மாளிகையை வடிவமைத்தவர்களுள் ஒருவரானார். ஊர் திரும்பி அல்ஹம்பிரா என்ற இன்னொரு பூங்காவைக் கட்டத் தொடங்கினார். அது திறக்கப்படுவதற்கு முன்பே, 1857 இல், காலமானார். அல்ஹம்பிரா நெடுநாள் நீடிக்கவில்லை.