ஒரே பெயர், இரண்டு குணம்

பத்திரிகை தர்மத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம்மில் பலருக்கு உபந்நியாசக் குரல் வந்துவிடுகிறது. எனக்கு அந்த யோக்கியதை இல்லை. பத்திரிகை ஒன்றில் வந்துகொண்டிருந்த என் தொடர்கதையில், உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரை நினைவூட்டிய நாலு வரிகளை ஆசிரியர் அடித்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சன்மானமும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. அந்த உறுத்தலோடுதான் இந்தியா, இலங்கை இரண்டின் பத்திரிகைச் சரித்திரத்தையும் புரட்டினேன்.

இரண்டு தேசங்களிலும் 'பிரஸ் கவுன்சில்' உண்டு. நம்முடையது 1966-ல் பிறந்து, நெருக்கடி நிலையின்போது கலைக்கப்பட்டு, 1978-ஆம் வருஷச் சட்டத்தால் மறுபடி உயிர் பெற்றது. தவறு செய்த பத்திரிகையை அது கண்டிக்கலாம். அபராதமோ சிறையோ விதிக்க முடியாது. பல்லில்லாத பாட்டியின் அதட்டல்தான். இலங்கைக் கவுன்சில் 1973-ல் பல்லோடு பிறந்தது. அதன் சட்டத்தில் சிறைவாசம் உண்டு. அனுமதியில்லாமல் மந்திரி சபைத் தீர்மானத்தைப் பிரசுரிப்பதுகூட அங்கே குற்றம். அதே வருஷத்தில்தான் 'தினகரன்' முதலிய பத்திரிகைகளை நடத்திவந்த 'லேக் ஹவுஸ்' நிறுவனம் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று.

ஆகவே நாமே மேல் என்று மார்தட்டிக்கொள்ளலாமா? அவசரப்பட வேண்டாம். அவதூறுக்காக எழுத்தாளனைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தை இலங்கை 2002-லேயே நீக்கிவிட்டது. மறு வருஷம் பத்திரிகைக்காரர்களே கூடி, வாசகர் புகார்களை விசாரிக்க ஓர் ஆணைக்குழுவை அமைத்துக்கொண்டார்கள். நாமோ 2023-ல் புதிய குற்றவியல் சட்டம் செய்தபோதும் அந்தப் பிரிவைக் கைவிடவில்லை.

சட்டம் போனால் பயம் போய்விடுமா? அதுவும் இல்லை. 2006 மே 2-ல் யாழ்ப்பாணத்து 'உதயன்' அலுவலகத்தில் துப்பாக்கியோடு புகுந்தவர்கள் ஊழியர் இருவரைக் கொன்றார்கள். 2009 ஜனவரி 8-ல் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து, தம் சாவை எதிர்பார்த்து அவர் எழுதியதாக ஒரு தலையங்கம் அவருடைய பத்திரிகையில் வந்தது. நம் நாட்டில், தணிக்கை வந்த சில தினங்களில், 1975 ஜூன் 28-ல், 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கத்தின் இடத்தை வெறுமையாக விட்டது.

செத்தவர் பெயரில் வந்த தலையங்கம் ஒன்று. எழுத்தே இல்லாத தலையங்கம் ஒன்று. இரண்டையும் எந்தக் கவுன்சிலும் போடச் சொல்லவில்லை.

என் நாலு வரிகளுக்காகத் துப்பாக்கி வரவில்லை. தணிக்கை அதிகாரியும் வரவில்லை. ஒரு சிவப்புப் பென்சில் போதுமாயிருந்தது. கதை புத்தகமானபோதாவது அவற்றைத் திரும்பச் சேர்த்திருக்கலாம். மறந்துவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிவருகிறேன்.