வானத்தைக் கணக்கிட்ட கதை



நம் பிள்ளைகள் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பார்க்கின்ற படங்களிலே மலைகள் வருகின்றன, மலைகளுக்கு மேலே வானம் விரிகிறது, மேகங்கள் நகர்கின்றன, பொழுது சாய்கிறது. அந்த மலை உலகில் எங்குமே இல்லை. அந்த வானத்தின்கீழ் எவரும் நின்றதும் இல்லை. முழுக்க முழுக்கக் கணினியே ஆக்கிய காட்சி அது. ஆயினும் பார்ப்பவர் கண் அதை மெய்யான வானம் என்றே ஏற்றுக்கொள்கிறது. இது எவ்வாறு நடக்கிறது? யாரோ ஒருவர் அழகாக வண்ணம் தீட்டியதால் அன்று. ஒளி காற்றினூடே எப்படிப் பயணம் செய்கிறது என்பதை அறிவியலார் கணக்கிட்டுச் சொன்னதால் நடக்கிறது. அந்தக் கணக்கு எங்கே தொடங்கியது, அதில் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பங்கு என்ன என்பதே இன்று நாம் காணப்போகும் வரலாறு.

முற்காலத்தில் நாடக மேடையின் வானம் துணியில் இருந்தது. ஓவியர் திரைச்சீலையின் மேற்பகுதியில் அடர் நீலமும் கீழே வெளிர் நீலமும் பூசி, இரண்டு மேகங்களையும் வரைந்துவிடுவார். புகைப்பட நிலையங்களிலும் இப்படிப்பட்ட சீலைகள் தொங்கின. காலைக் காட்சிக்கு ஒரு சீலை, மாலைக் காட்சிக்கு வேறொரு சீலை. தொடக்க காலக் கணினிப் படங்களும் ஏறத்தாழ இதே நிலையில்தான் இருந்தன. மலையை வரைந்து, அதன் பின்னே நீலத்தைப் பூசினார்கள். தூரத்து மலையும் கிட்டத்து மலையும் ஒரே அழுத்தமாக, காகிதத்தில் வெட்டி ஒட்டியவை போலக் காட்சி தந்தன. குறை மலையில் இல்லை. மலைக்கும் நமக்கும் இடையிலுள்ள காற்றை எவரும் வரையவில்லை.

காற்றை வரைவதா? காற்றுத்தான் கண்ணுக்குத் தெரியாதே என்று நீங்கள் கேட்கலாம். தெரியும், நேயர்களே. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் வாழும் நாம் அதை நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கித்தா மரம் வெட்டப் போனவர்களைக் கேளுங்கள். பனி இல்லாத இருட்டிலே விளக்கின் ஒளி மரப்பட்டையில் விழுவது மட்டும் தெரியும். பனி இறங்கிய நாளிலோ, நெற்றியிலிருந்து மரம் வரைக்கும் வெள்ளைக் கோல் ஒன்று நீட்டிக்கொண்டிருப்பது போல ஒளி முழுவதும் தெரியும். அடுத்த நிரையில் வெட்டுகிறவருக்கும் அது தெரியும். பெஸ்தாரி ஜெயா பக்கத்திலிருந்து, அதாவது பழைய பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து, தெளிந்த நாளில் கிழக்கே பாருங்கள். அண்மையிலுள்ள மரங்கள் பச்சையாக இருக்க, தொலைவிலுள்ள தித்திவங்சா மலைத்தொடர் நீலமாக நிற்கும். அங்கேயும் பச்சை மரங்கள்தான். நீலம் நடுவிலுள்ள காற்றினுடையது. மாலையில் புக்கிட் மெலாவத்திக் குன்றின்மேல், 1907-ஆம் ஆண்டில் எழுந்த கலங்கரை விளக்கத்தின் அருகே நின்று மேற்கே பாருங்கள். மலாக்கா நீரிணையில் இறங்கும் கதிரவன் சிவந்து தோன்றும்.

பனியில் தெரியும் வெள்ளைக் கோல், மலையின் நீலம், கதிரவனின் சிவப்பு ஆகிய இம்மூன்றும் ஒளிச்சிதறல் என்னும் ஒரே நிகழ்ச்சியின் மூன்று முகங்கள். நேரே போகவேண்டிய ஒளியைக் காற்றிலுள்ள நுண்பொருள்கள் தடுத்துப் பல பக்கங்களுக்கும் திருப்பி அனுப்புகின்றன. அப்படித் திரும்பிய ஒளி நம் கண்ணுக்கு வருவதால்தான் காற்று நமக்குத் தெரிகிறது.

இதைச் சிந்தித்தவர்களில் இத்தாலிய ஓவியர் லியனார்டோ டா வின்சி முன்னோடி. இருண்ட பின்னணியில் காய்ந்த விறகின் புகை நீலமாகத் தெரிவதை அவர் 500 ஆண்டுகளுக்கு முன்னரே குறித்து வைத்தார். நம் வீட்டு அடுப்புப் புகையிலும் இதைக் காணலாம். 1869-ஆம் ஆண்டில் இலண்டனில் ஜான் டின்டால் என்பவர் கண்ணாடிக் குழாய்க்குள் மிக நுண்ணிய துகள்களை உண்டாக்கி, அதனூடே ஒளியைச் செலுத்தினார். பக்கத்திலிருந்து பார்த்தபோது குழாய்க்குள் வானத்து நீலம் தெரிந்தது. 1871-ஆம் ஆண்டில் ரேலி பிரபு இதற்குக் கணக்கு எழுதினார்.

அக்கணக்கின் கருத்தை ஆற்றங்கரையில் விளங்கிக்கொள்ளலாம். படகுத்துறைக் கம்பத்தில் சிற்றலை மோதினால் சிதறுகிறது. நீண்ட அலையோ கம்பத்தைப் பொருட்படுத்தாமல் கடந்து போகிறது. ஒளியும் அலைதான். நீல ஒளிக்கு அலை குறுகியது, சிவப்பு ஒளிக்கு நீண்டது. ஆகவே காற்றின் மூலக்கூறுகள் நீலத்தைச் சிவப்பைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு மிகுதியாகச் சிதறடிக்கின்றன. சிதறிய நீலம் வானமெங்கும் நிறைகிறது. மாலையில் கதிரவன் அடிவானத்தில் இருக்கும்போது, உச்சியிலிருந்து வருவதைவிட 35 மடங்குக்கும் மேலான காற்றைக் கடந்து அதன் ஒளி வரவேண்டியிருக்கிறது. வழியிலேயே நீலம் உதிர்ந்துவிட, மிஞ்சிய சிவப்பு நம்மை வந்தடைகிறது.

இனி நம் மொழி பேசும் குடும்பத்துக்கு வருவோம். 1888-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர் சந்திரசேகர வெங்கட ராமன். அவருடைய தந்தையார் எளிய வருவாயுள்ள பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1921-ஆம் ஆண்டில் ராமன் இங்கிலாந்திலிருந்து 'நர்குண்டா' என்ற கப்பலில் தாயகம் திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் கண்ணைக் கவர்ந்தது. வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிப்பதே கடலின் நீலம் என்று ரேலி பிரபு சொல்லியிருந்தார். அதை அப்படியே ஏற்றுக்கொள்ள ராமனுக்கு மனம் வரவில்லை. பிரதிபலித்த ஒளியை மட்டும் நீக்கிக் காட்டும் சிறு பளிங்குக் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. அதனூடே பார்த்தார். நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அறிந்தார். நீர் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்வதும் கடலின் நீலத்துக்கு முக்கியக் காரணம் என்பது இன்றைய அறிவியலின் விளக்கம். ஆனால் கப்பல் தளத்தில் பிறந்த அந்தக் கேள்வி, கல்கத்தாவில் பல ஆண்டு ஆய்வாக வளர்ந்தது. 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930-ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் கிடைத்தது.

ராமனுடைய தமையனார் இரயில்வே கணக்குத் துறையில் பணியாற்றியவர். அவருடைய மகன்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910-ஆம் ஆண்டில் லாகூரில் பிறந்து, சென்னைத் திருவல்லிக்கேணியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 19 வயதில் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பின்னர் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். விண்மீன்களின் வெளியுறையினூடே ஒளி எப்படிச் செல்கிறது என்பதை 1940-களில் ஆராய்ந்தார். அந்த ஆய்வு நம் பூமியின் வானத்துக்கும் பொருந்தியது.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் எளியதன்று. ஒளி ஒருமுறை சிதறினால் கணக்கு எளிது. ஆனால் சிதறிய ஒளி மீண்டும் சிதறுகிறது. அதுவும் மீண்டும் சிதறுகிறது. லயத்தில் ஒரு வீட்டில் சொன்ன செய்தி நான்கு வீடுகளுக்குப் போய், அங்கிருந்து மற்ற வீடுகளுக்கும் போய், முதலில் சொன்னவர் காதுக்கே திரும்பி வருகிறதல்லவா? காற்றில் ஒளியும் அப்படித்தான். ஒவ்வொரு துளிக் காற்றும் மற்ற எல்லாத் துளிகளாலும் ஒளி பெறுகிறது. மேகம் வெண்மையாக இருப்பதும் இப்படி நீர்த்துளிகளுக்கிடையே ஒளி பலமுறை மாறி மாறிச் சிதறுவதால்தான்.

சந்திரசேகர் கையாண்ட சமன்பாட்டை வரவு செலவுக் கணக்கு என்று சொல்லலாம். ஒளிக்கதிர் ஒன்று செல்லும் வழியில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டும் விலகியும் போயிற்று? அது செலவு. மற்றத் திசைகளிலிருந்து எவ்வளவு ஒளி வந்து சேர்ந்தது? அது வரவு. மிச்சம் எவ்வளவோ, அவ்வளவே நம் கண்ணுக்கு. இக்கணக்கைத் தீர்க்கும் வழிமுறைகளையெல்லாம் தொகுத்து, 1950-ஆம் ஆண்டில் 'கதிர்வீச்சுப் பரிமாற்றம்' என்னும் பொருளுள்ள தலைப்பில் ஆங்கில நூலாக வெளியிட்டார். 1983-ஆம் ஆண்டில் விண்மீன் ஆய்வுகளுக்காக நோபெல் பரிசு பெற்றார். 1995-ஆம் ஆண்டில் காலமானார்.

கணினிப் படம் வரைவதற்காக அந்நூல் எழுதப்படவில்லை. ஆனால் கணினியில் வானம் வரைய முனைந்தவர்கள் அந்தக் கணக்கிடமே வந்து சேர்ந்தார்கள். 1980, 1981-ஆம் ஆண்டுகளில் வாயேஜர் விண்கலங்கள் சனிக் கோளைக் கடந்து சென்றன. அக்காட்சியைக் கணினியில் காட்டிய ஜேம்ஸ் பிளின், சனியின் வளையங்கள் நுண்துகள்களின் கூட்டம் என்பதால், துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும் முறையைக் கணக்கில் கொண்டு 1982-ஆம் ஆண்டில் கட்டுரை எழுதினார். 1984-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கஜியாவும் பிரயன் வான் ஹெர்சனும் ஒளியின் வரவு செலவுச் சமன்பாட்டைக் கொண்டே மேகங்களை வரைந்து காட்டினார்கள். 1993-ஆம் ஆண்டில் ஜப்பானியர் தொமோயுக்கி நிஷிதாவும் அவர் குழுவினரும், விண்வெளியிலிருந்து பார்த்தால் பூமியைச் சூழ்ந்த காற்று எந்நிறத்தில் தோன்றும் என்று கணக்கிட்டு வரைந்தனர்.

1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ப்ரீதம், பீட்டர் ஷர்லி, பிரையன் ஸ்மிட்ஸ் ஆகிய மூவர் இதை மேலும் எளிதாக்கினர். ஊர் பூமியில் இருக்கும் இடம், நாள், மணி, காற்றின் கலங்கலைக் குறிக்கும் ஓர் எண் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். அந்நேரத்து மேகமற்ற வானத்தின் நிறத்தைக் கணினி சொல்லிவிடும். கோல சிலாங்கூரையும் மாலை ஆறரை மணியையும் கொடுத்தால் நம் ஊர் மாலை வானம் திரையில் வரும். 2008-ஆம் ஆண்டில் பிரான்சில் எரிக் ப்ரூனட்டோனும் ஃபாப்ரிஸ் நெய்ரேயும் பலமுறைச் சிதறலை முன்கூட்டியே கணக்கிட்டு அட்டவணையாக வைத்துக்கொள்ளும் முறையைத் தந்தனர். நம் மாணவர்கள் வாய்பாட்டை மனனம் செய்து வைத்துக்கொண்டு கணக்கை நொடியில் போடுவது போன்றதே இது. அதனால்தான் இன்று விளையாட்டுப் படத்தில் பிள்ளை திரும்பும் பக்கமெல்லாம் வானமும் உடனுக்குடன் மாறுகிறது.

இதெல்லாம் வேடிக்கைக்கும் விளையாட்டுக்கும்தானா என்று பெரியவர்கள் கேட்கலாம். மேலே சொன்ன கலங்கல் எண்ணை மீண்டும் நினைத்துப் பாருங்கள். தூய காற்றில் அது சிறியது. தூசியும் புகையும் மிகும்போது பெரியது. அந்த எண் ஏறினால் என்ன ஆகும் என்பதை நம் வட்டாரம் உடம்பால் அறியும். 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சுமத்திராவில் எரிந்த காடுகளின் புகை, தென்மேற்குக் காற்றோடு நீரிணையைக் கடந்து வந்தது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியது. ஆகஸ்டு 11-ஆம் நாள் கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. இத்தகைய புகைமூட்ட நாளில் நீல வானம் இருப்பதில்லை. எங்கும் வெளிறிய சாம்பல் நிறம். கதிரவன் பட்டப்பகலில் செப்புக் காசு போல மங்கிச் சிவந்து நிற்கும். மலை மறையும், பக்கத்து நிரையிலுள்ள மரமும் மங்கும். வெளியில் நின்று உழைப்பவர் நெஞ்சுக்குள் அந்தப் புகை முதலில் போகிறது.

செயற்கைக் கோள்கள் மேலிருந்து பார்த்துக் காற்றில் எவ்வளவு புகை என்று அளப்பதும் இதே ஒளிக் கணக்கால்தான். பூமியிலிருந்து திரும்பி வரும் ஒளி எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கொண்டு, வழியில் எவ்வளவு துகள் இருந்தது என்று கண்டுகொள்கிறார்கள். கணினி வரைகிற வானத்தில் காற்றிலுள்ளதைச் சொன்னால் நிறம் வருகிறது. செயற்கைக் கோளின் கணக்கில் நிறத்தைச் சொன்னால் காற்றிலுள்ளது வருகிறது. கணக்கு ஒன்றே.

கணினித் தொழில் நகரத்துப் பிள்ளைகளுக்கு உரியது, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எட்டாதது என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் முற்றாக நீங்கவில்லை. இந்த வரலாறு அதற்கு மறுமொழி சொல்கிறது. கணினி வானத்தின் வேர், கப்பல் தளத்தில் நின்று கடலை உற்றுப் பார்த்த கண்ணிலும், பொறுமையாகக் கணக்குப் போட்ட கையிலும் இருக்கிறது. பனி, மேகம், மலை, மாலைச் சிவப்பு என்று உற்றுப் பார்க்கவேண்டியவை யாவும் நம் தோட்டத்துப் பிள்ளைகளின் கண்முன்னே இருக்கின்றன. மீதி வேண்டுவது கணக்கும் அறிவியலும். அவற்றை நம் பள்ளிகளில் தமிழிலேயே தொடங்கலாம்.

பிள்ளைகளே, இன்றிரவு பெற்றோருடன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, ஒன்றிரண்டு துளி பசும்பால் விட்டுக் கலக்குங்கள். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் விளக்கின் ஒளியைக் குவளையின் ஒரு பக்கத்திலிருந்து செலுத்துங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீர் இலேசான நீலமாகத் தெரியும். ஒளி வெளியேறும் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் விளக்கு மஞ்சளாகவும் சிவப்பாகவும் தெரியும். இன்னும் ஒரு துளி பாலைச் சேர்த்து என்ன மாறுகிறது என்று எழுதி, மறுநாள் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.