இரண்டு பெயர்கொண்ட துறைமுகம்

விக்கிப்பீடியாவில் எழுத வந்த வேகத்தில் யாருடனாவது முட்டிக்கொண்டு, "என் வரியை அழித்துவிட்டார் அண்ணா" என்று வருகிற பிள்ளைகளிடம் நான் விதிமுறைப் பக்கங்களை நீட்டுவதில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் குதான்ஸ்க் நகரக் கட்டுரையின் பழைய உரையாடல் பக்கங்களைப் படித்துவிட்டு வரச் சொல்வேன்.

பால்டிக் கரையில் உள்ள போலந்துத் துறைமுகம் அது. ஜெர்மானியர்களுக்கு அது டான்சிக். 1308-இல் ஜெர்மானியப் படைத்துறவிகளான தியூத்தானிய வீரர்கள் பிடித்தார்கள். 1466 உடன்படிக்கையில் போலந்து மன்னரின் கீழ் வந்தது. 1793-இல் பிரஷ்யாவிடம் போனது. முதல் உலகப் போருக்குப் பின் சுதந்திர நகரமாக இருந்து, 1945-இல் மறுபடி போலந்து. இத்தனை கைமாறிய ஊரை எந்தப் பெயரால் எழுதுவது? ஒருவர் டான்சிக் என்று எழுத, இன்னொருவர் குதான்ஸ்க் என்று மாற்ற, அவர் திருப்ப, இவர் திருப்ப... அங்கே பிறந்த பாவத்துக்குத் தத்துவஞானி ஷோப்பன்ஹவர், இயற்பியலாளர் ஃபாரன்ஹைட் கட்டுரைகளும் இதில் சிக்கின.

ஒரே கட்டுரையில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை மீளமைத்தால் தடை என்ற விதி 2004-இன் கடைசியில் வந்தது. அது கையைக் கட்டியதே தவிர வாயைக் கட்டவில்லை. 24 மணி நேரம் கழிந்ததும் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

2005 பிப்ரவரியில் விக்கிப்பீடியர்கள் வாக்கெடுப்பு வைத்தார்கள். தலையெண்ணி முடிவெடுப்பதை விரும்பாத கூட்டம் அது. பேசி இணங்குவதே அவர்கள் வழக்கம். ஆனாலும் கேள்வியை வைத்த விதத்தில்தான் கெட்டிக்காரத்தனம் இருந்தது. 'இது யாருடைய ஊர்?' என்று கேட்கவில்லை. 1308-க்கு முன் என்பதில் தொடங்கி 1945-க்குப் பின் என்பது வரை காலத்தைத் துண்டுபோட்டு, துண்டுக்கொரு வாக்கு. யாரும் தங்கள் வரலாற்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, ஒரு காலத்துண்டில் ஒரு பெயரை விட்டால் போதும்.

1308 முதல் 1945 வரை டான்சிக், முன்னும் பின்னும் குதான்ஸ்க் என்று முடிந்தது. போலந்து மன்னரின் கீழிருந்த மூன்று நூற்றாண்டுகளும் டான்சிக் பக்கம் போனது போலந்துக்காரர்களுக்குக் கசந்திருக்கும். எனக்கே அது கொஞ்சம் அதிகம் என்றுதான் படுகிறது. ஆனால் அதற்குப்பின் பெயரைத் திருப்புகிறவர், 'நீ தவறு' என்று வாதாட வேண்டியதில்லை. திருத்தச் சுருக்கத்தில் வாக்கெடுப்புப் பக்கத்தைக் காட்டினால் போதும்.

வாழ்க்கை வரலாறுகளுக்கும் ஒரு விதி செய்தார்கள். ஐயமின்றி ஜெர்மானியர் என்றால் டான்சிக் முதலில், குதான்ஸ்க் அடைப்புக்குறிக்குள். போலந்துக்காரர் என்றால் மாற்றி. அதே ஊரில் பீர் வடித்துக்கொண்டே நிலவை வரைபடமாக்கிய வானியலாளர் ஹெவிலியஸ் இதில் எந்தப் பக்கம்? அந்த வழக்கு அவருடைய உரையாடல் பக்கத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.