விக்கிப்பீடியா பயிற்சிப் பட்டறை

இணையக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியாவில் எழுதப் புதியவர்களைப் பழக்கும் கூட்டம் விக்கிப்பீடியா பயிற்சிப் பட்டறை எனப்படும். பயிலரங்கம் என்றும் சொல்வர். கல்லூரிக் கணினி அறையிலோ பள்ளி வகுப்பறையிலோ அரை நாள் அல்லது ஒரு நாள் நடக்கும். பயனர் கணக்குத் தொடங்குதல், தமிழில் தட்டச்சு, இருக்கும் கட்டுரையைத் திருத்துதல், சான்று சேர்த்தல், படம் ஏற்றுதல் ஆகியவை பாடங்கள். பழகியவர்களும் புதியவர்களும் கூடி உட்கார்ந்து எழுதுவதற்குத் தொடர்தொகுப்பு என்று பெயர். இக்கட்டுரை தமிழ்ப் பட்டறைகளின் வரலாற்றைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் அதன் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையையும் கண்முன் வைத்துச் சொல்கிறது. ஓர் ஊரைப் பற்றி அந்த ஊர்க்காரர் எழுதாவிட்டால் என்ன விடுபட்டுப்போகும் என்பதை இந்த மலை தெளிவாகக் காட்டுகிறது.

அச்சுக் காலத்தில் இப்படியொரு பயிற்சி தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் அபிதான கோசத்தை வெளியிட்டார். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வந்தது. இரண்டும் தனிமனித உழைப்பு. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் எந்தத் தலைப்பை யார் எழுதுவது என்று பதிப்புக் குழு முடிவு செய்தது. துறை வல்லுநர்கள் எழுதினார்கள், படிப்பவர்கள் படித்தார்கள். 2001 ஜனவரியில் தொடங்கிய விக்கிப்பீடியா எழுதுவோருக்கும் படிப்போருக்கும் இடையிலிருந்த அந்தக் கோட்டை அழித்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றான பிறகு, அந்த 'யார் வேண்டுமானாலும்' எப்படி எழுதக் கற்பார் என்ற கேள்வி வந்தது. பட்டறை அதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று.

தமிழ் விக்கிப்பீடியாவின் பிறந்த நாள் 2003 செப்டம்பர் 30. அதன் இடைமுகத்தைத் தமிழாக்கி, தொடர்ந்து எழுதி, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தந்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இவர் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றினார். அவரோடு முதல் சில ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பேச்சுப் பக்கங்களில் ஒருவரை ஒருவர் திருத்தியும், பொது உரையாடலுக்கு 'ஆலமரத்தடி' என்றும் உதவி கேட்கும் இடத்துக்கு 'ஒத்தாசைப் பக்கம்' என்றும் பெயரிட்டும் தாமாகவே கற்றுக்கொண்டார்கள். ஊர்ப் பஞ்சாயத்தின் நிழலை இணையத்துக்குக் கொண்டுவந்த அந்தப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஆனால் அந்த நிழலுக்கு வந்து சேரக் கணினி, இணையம், தமிழ்த் தட்டச்சு மூன்றும் வேண்டியிருந்தன. அவை இல்லாத ஊர்கள் கலைக்களஞ்சியத்திலும் இல்லாமல் இருந்தன.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2000களின் இறுதியில் தன்னார்வலர்கள் ஊர் ஊராகப் பட்டறைகள் நடத்தத் தொடங்கினர். அவற்றில் பாதி நேரம் தட்டச்சிலேயே கழிந்தது. வந்தவர்கள் பலர் பழைய எழுத்துருக்களில் பழகியவர்கள். அவர்கள் அடித்து ஒட்டிய பத்தி திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துரு வேறு, குறியேற்றம் வேறு என்று விளக்கி, தமிழ்99 விசைப்பலகையையோ ஒலிப்பு முறையையோ காட்டி, 'அம்மா' என்று அடிக்க வைப்பதற்குள் மதிய உணவு வந்துவிடும். பொதுக் குறியேற்றமான ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு தனது தரமாக அறிவித்தது 2010இல். அதன்பின் கைப்பேசிகள் தமிழ் விசைப்பலகையோடு வந்து இந்தச் சுமையைப் பெருமளவு இறக்கிவைத்தன.

2010 கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி நடத்தியது. புதியவர்களைப் பெருந்தொகையாக அழைத்த முதல் முயற்சிகளுள் அது ஒன்று. ஏறத்தாழ அதே காலத்தில் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் நீண்ட கட்டுரைகளைச் சேர்த்துவந்தது. தமிழ்ப் பயனர்கள் அதை ஒரேயடியாக மறுக்கவில்லை, கைகட்டி ஏற்கவும் இல்லை. நடை செயற்கையாக இருக்கிறது, தலைப்புகள் தமிழ் வாசகரின் தேவைக்குத் தொடர்பில்லாமல் இருக்கின்றன, எழுதியவர்கள் பேச்சுப் பக்கத்தில் கேட்டால் பதில் சொல்வதில்லை என்று குறைகளைத் தொகுத்து, போலந்தில் நடந்த 2010 விக்கிமேனியா மாநாட்டில் மதிப்பீடாகவே முன்வைத்தனர். கட்டுரை வந்து சேர்வதைக் காட்டிலும் கட்டுரையாளர் வந்து தங்குவதே பெரிது என்று அதிலிருந்து அவர்கள் கற்றது, பின்னால் வந்த பட்டறைகளின் போக்கைத் தீர்மானித்தது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

வெளியே நடந்த இரண்டு நிகழ்வுகளும் இங்கே சொல்லத்தக்கன. 2011இல் புனேயின் கல்லூரிகளில் மாணவர்களை ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதவைக்கும் முன்னோடித் திட்டம் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஒரே வீச்சில் சேர்க்கப்பட்டனர். நூல்களிலிருந்தும் தளங்களிலிருந்தும் பத்தி பத்தியாகப் படியெடுத்த எழுத்து வந்து குவிந்தது. பதிப்புரிமை மீறலைத் தேடி நீக்குவது பழைய தொகுப்பாளர்களின் முழுநேர வேலையானது. அந்த ஆண்டே திட்டம் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு கெய்ரோ பல்கலைக்கழகத்திலும் அயின் ஷம்ஸ் பல்கலைக்கழகத்திலும் அரபு விக்கிப்பீடியாவுக்குப் புதியவர்களைப் பயிற்றும் திட்டம் தொடங்கியபோது, புனேயின் பாடம் மேசைமேல் இருந்தது. சிறு வகுப்புகள், அவரவர் தாய்மொழி, ஒவ்வொரு வகுப்புக்கும் பழகிய துணைவர் என்று அளவோடு திட்டமிட்டனர். எழுதிய மாணவர்களில் பெரும்பான்மையர் பெண்கள். அரபு விக்கிப்பீடியா 2003 ஜூலையில் தொடங்கியது, தமிழுக்குச் சில மாதங்களே மூத்தது. 2019இல் அது 10 லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் இடையே நீண்ட தூரம் உள்ள மொழி என்பதில் அரபு தமிழுக்கு உறவு. எகிப்திய அரபுக்குத் தனி விக்கிப்பீடியாவே உண்டு. தமிழில் ஈழ வழக்கும் தமிழ்நாட்டு வழக்கும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. ஒரு சொல்லுக்காக நடக்கும் நீண்ட விவாதங்களைப் பொறுத்துக்கொண்டு காத்துவரும் ஒற்றுமை அது.

தமிழ்நாட்டில் பயிற்சி கிராமப்புறப் பள்ளி வரை சென்றது 2017இல்தான். மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் ஆதரவில் பல மாவட்டங்களில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. அப்போது தொடங்கிய கணக்குகளை அவற்றின் பெயரிலேயே அடையாளம் காணலாம்: முன்னால் 'டிஎன்எஸ்இ', நடுவில் ஆசிரியர் பெயர், கடைசியில் மாவட்டத்தின் மூன்றெழுத்துச் சுருக்கம். அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் திறந்தால் இந்த முன்னொட்டு வரிசை வரிசையாக ஓடிய நாட்கள் அவை. அந்த ஆண்டு மே மாதம் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. கள்ளக்குறிச்சி அன்று விழுப்புரம் மாவட்டத்துக்குள் இருந்தது. இவ்வாறு வந்த ஆசிரியர்களில் சிலர் தங்கிவிட்டார்கள். பின்னர் இந்திய மொழிகளுக்கிடையே நடந்த வேங்கைத் திட்டம் 2.0 கட்டுரைப் போட்டியில் தமிழ் முதலிடம் பெற்றது. பயிற்சி முடிந்த மாலையோடு கணக்கை மறந்தவர்களும் உண்டு. எல்லாப் பட்டறைகளிலும் அதுவே நடப்பு. ஆகவே வந்தவர் தொகையை வைத்து ஒரு பட்டறையை அளப்பது சரியல்ல. மூன்று மாதம் கழித்தும் யார் தொகுக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

பட்டறையைத் திட்டமிடுவதில் சில நுட்பங்கள் உண்டு. ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து ஒரு நாளில் 6 கணக்குகள் வரைதான் தொடங்க முடியும். நாசவேலையைத் தடுக்க வைத்த இந்த வரம்பு, 40 பேர் அமர்ந்த கணினி அறையில் ஏழாவது ஆளிடம் வந்து கதவைச் சாத்தும். முன்கூட்டியே விலக்குக் கேட்டு வைப்பார்கள், அல்லது வீட்டிலிருந்தே கணக்குத் தொடங்கி வரச் சொல்வார்கள். முதல் தொகுப்பு 'மணல்தொட்டி' எனும் பயிற்சிப் பக்கத்தில் நடக்க வேண்டும். மணலில் எழுதிப் பழகிய பிள்ளைக்கு அழிப்பது பற்றிய பயம் இருக்காது. அடுத்த தொகுப்பு புதுக் கட்டுரையாக இருக்கக் கூடாது. ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவது, ஒரு சான்று சேர்ப்பது என்று இருக்க வேண்டும். நேராகப் புதுக் கட்டுரைக்குப் போகிறவர், தம் பள்ளியைப் பற்றியோ தலைமையாசிரியரைப் பற்றியோ எழுதி, 'குறிப்பிடத்தக்கமை இல்லை' என்ற நீக்கல் வார்ப்புருவைக் கண்டு மனம் நொந்து போய்விடுவார். அந்த நீக்கத்தில் தவறு இல்லை, ஆனால் அது முதல் நாளில் நேர்வது தவறு.

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு கூறு உடையது. மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கு வெள்ளிமலை தலைமையிடம். கோமுகி ஆறு இங்கே பிறந்து கச்சிராயபாளையம் அருகே அணைக்கு வருகிறது. மலைமக்கள் மலையாளிப் பழங்குடியினர். இங்கே ஒரு புதுப் பயனர் உட்கார்ந்து தம் மலையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'மலையாளி' என்ற சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் அது இணைப்பாகும். மாற்றங்களைப் பதிப்பித்துச் சொடுக்கிப் பார்க்கிறார். சாமை விதைக்கும் தம் மக்களுக்குப் பதிலாகக் கேரளத்து மலையாளிகள் வந்து நிற்கிறார்கள். இவருடைய மொழி தமிழ், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. ஆனால் இணைப்பு வேறு மாநிலத்துக்குப் போகிறது. அடைப்புக்குள் செங்குத்துக் கோடு இட்டு, இடப்பக்கம் சரியான கட்டுரையின் தலைப்பும் வலப்பக்கம் தெரிய வேண்டிய சொல்லும் எழுதக் கற்றுக்கொண்டால் சரியாகிவிடும். இரண்டு நிமிடப் பாடம்தான். வெளியூர்க்காரர் அந்தப் பிழையைக் கடந்து போவார். இவரால் முடியாது.

ஊராட்சிகள் கதையும் அப்படியே. தமிழ்நாட்டின் 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு அரசுத் தரவைக் கொண்டு தானியங்கி மூலம் கட்டுரைகள் உருவாக்கப்பட்டன. பெரிய சாதனை அது. பட்டிதொட்டியெல்லாம் ஒரு பக்கம் பெற்றது. அந்தக் கட்டுரைகளில் கைக்குழாய் எத்தனை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி எத்தனை, இடுகாடு எத்தனை என்று எண்ணிக்கை இருக்கும், சிற்றூர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கும். சேராப்பட்டில் என்ன விளைகிறது, இன்னாட்டுக்குச் சாலை எப்போது வந்தது என்பதைத் தானியங்கியால் எழுத முடியாது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியபோது இன்னொரு வேலையும் சேர்ந்தது. 'விழுப்புரம் மாவட்டம்' என்றிருந்த நூற்றுக்கணக்கான பக்கங்களில் மாவட்டப் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. 1993 வரை இதெல்லாம் தென்னார்க்காடு. ஒரே ஊர் ஒருவர் வாழ்நாளில் மூன்று மாவட்டப் பெயர்களைக் கண்டிருக்கிறது. பட்டறையில் புதியவருக்குத் தரத்தக்க முதல் பயிற்சி இதைவிட வேறு இல்லை: ஊர் தெரியும், பிழை தெரியும், அரசாணை சான்றாக இருக்கிறது.

கடினமான பாடம் சான்றுதான். இம்மலை மூன்று ஜாகிர்களாக (பரம்பரை நில மானியங்களாக) இருந்து, 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய எழுத்துச் சான்று பெரும்பாலும் மலைக்கு வெளியே இருந்தவர்களுடையது: 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி, 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் ஆகியவை. பாட்டி சொன்னது சான்றாகாது என்ற விதி, எழுத்து வளம் உள்ள ஊருக்குச் சிறு தடை. மலைக்கு அது பெருஞ்சுவர். விதியைத் தளர்த்தினால் களஞ்சியத்தின் நம்பகம் போய்விடும். ஆகவே வாய்மொழியை முதலில் பதிப்பில் ஏற்ற வேண்டும். பள்ளி ஆண்டுமலர், கல்லூரி ஆய்வேடு, உள்ளூர் இதழ், பதிவு செய்த நேர்காணல் என்று எதிலாவது வெளிவந்த பிறகே கட்டுரையில் சேரும். மலையடிவாரத்துக் கல்லூரிகளுக்கும் மலைமேல் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் இதில் செய்ய நிறைய இருக்கிறது.

2024 ஜூனில் கள்ளச்சாராயச் சாவுகளால் கள்ளக்குறிச்சியின் பெயர் நாடெங்கும் பரவியது. இறந்தவர்கள் 60க்கும் மேல். அதன்பின் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரத்தைத் தாமாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, போக்குவரத்து, பள்ளி, மருத்துவம் என்று மலையைப் பற்றிய நீதிமன்ற ஆவணங்களும் நாளிதழ்ச் செய்திகளும் அதுவரை இல்லாத அளவுக்குப் பெருகின. ஆனால் ஒரு மாவட்டத்தின் விக்கிப்பீடியா பக்கம் அதன் பேரழிவால் மட்டும் நிரம்பிவிடக் கூடாது. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும், மூங்கில்துறைப்பட்டின் சர்க்கரை ஆலையும், மேகம் அருவியும், கடுக்காய் பொறுக்கும் கைகளும் அதே பக்கத்தில் இருக்க வேண்டியவை.

வெள்ளிமலையில் ஒரு பட்டறை நடத்துவதென்றால் அதன் ஏற்பாடு சமவெளிப் பட்டறையிலிருந்து வேறுபடும். இணைய இணைப்பு நாள் முழுவதும் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. விவரச்சுவடியின் மலைப் பகுதிப் பக்கங்களையும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விழுப்புரம் மாவட்டத் தரவையும், ஊராட்சிக் கட்டுரைகளின் இன்றைய வடிவத்தையும் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோக வேண்டும். காலையில் தாளில் சிவப்பு மையால் திருத்தம், பிற்பகலில் இணைப்புக் கிடைத்ததும் கைப்பேசியில் அதே திருத்தம் என்று பிரித்துக்கொள்ளலாம். கடைசி பேருந்து மலையிறங்கும் நேரத்துக்கு முன் முடித்தாக வேண்டும். பயிற்றுநர் ஊர் திரும்பிய பிறகும் வாரம் ஒருமுறை அந்தப் புதிய பயனர்களின் பேச்சுப் பக்கங்களைத் திறந்து பார்க்க வேண்டும்; அங்கே கேள்வி ஏதும் இல்லையென்றால், அவரே ஒன்றைக் கேட்டு வைக்கலாம்.